வேகஸ் – அலையும் நரம்பு

'வேகஸ்' என்று சொன்னால் தமிழ்க் காது அதை 'வேகம்' என்றுதான் பிடித்துக்கொள்ளும். இந்தச் சொல்லில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். ஏனென்றால் இந்த நரம்பு இதயத்துக்கு வேகம் கூட்டுவதல்ல, இருக்கிற வேகத்தைத் தணிப்பது.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் மாமாவுக்கு மாரடைப்பு வந்த அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். கடைவாசலில் நின்றவர், குமட்டுது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. "கேஸா இருக்கும்" என்று யாரோ இஞ்சிச்சாறு கொண்டுவந்தார்கள். எல்லை தாண்டிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. பார்த்த மலையாள டாக்டர், இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு என்றார். கூடவே 'வேகஸ்' என்றும் ஏதோ சொன்னார். மாமி பதறிப்போய், "வேகம் கூடிப்போச்சா டாக்டர்?" என்று கேட்டாள். "கூடியதல்ல சேச்சி, குறஞ்ஞதாணு" என்றார். நாடி 40-ஐ ஒட்டி நின்றது.

வேகஸ் லத்தீன் சொல். பொருள்: அலைகிற, திரிகிற. நாடோடியைக் குறிக்கும் 'வேகபாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். நம்முடைய 'வேகம்' வடமொழியிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 இணை நரம்புகளில் இது பத்தாவது. மற்றவை பெரும்பாலும் தலையிலும் கழுத்திலுமே வேலையை முடித்துக்கொள்ள, இது மட்டும் குரல்வளை, நுரையீரல், இதயம், இரைப்பை, குடல் என்று ஊர் சுற்றும். பெயர் அதனால் வந்தது.

மாரடைப்பு என்ற சொல்லில் மாரும் அடைப்பும் இருக்கின்றன, மூளை இல்லை. ஆனால் சேதி முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். வேகஸின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. இதயத்தின் கீழ்ச்சுவரிலும் பின்சுவரிலும் அதன் நுனிகள் நிறைய. அங்கே ரத்தம் தடைபட்டதும் அவை மூளையின் அடித்தண்டான முகுளத்துக்குத் தகவல் அனுப்பும். முகுளம் அதே நரம்பின் வழியாக 'மெதுவாக' என்று பதில் சொல்லும். நாடி தளரும், ரத்த அழுத்தம் இறங்கும். வாந்தியை ஆளும் இடமும் முகுளத்தில்தான், அதனால் குமட்டல். வயிற்றுக் கோளாறு என்று நாம் ஏமாந்துபோவது இங்கேதான். இதற்கு பெசோல்ட்-யாரிஷ் அனிச்சைச் செயல் என்று பெயர். முன்சுவரில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் கை ஓங்கும். நாடி படபடவென்று ஓடும்.

இதயத்துக்கு இந்த நரம்பு எப்படிச் சொல்கிறது என்பதை ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதில் விட்டார், அதுவும் தளர்ந்தது. 1921-இல் அதை வெளியிட்டார். நரம்பு அந்தத் திரவத்தில் விட்டிருந்த பொருள்தான் அசிட்டைல்கோலின். நரம்புகள் இப்படி வேதிப்பொருளால் சேதி சொல்வதைக் கண்டதற்காக 1936-இல் நோபல் பரிசு, ஹென்றி டேல் என்ற விஞ்ஞானியோடு சேர்த்து. அன்று மாமாவுக்குப் போட்ட அட்ரோப்பின் ஊசி, அதே அசிட்டைல்கோலினை இதயத்தில் தடுக்கிற மருந்து.

பள்ளிப் புத்தகத்தில் 'வேகஸ் நரம்பு' என்றே படித்தோம். 'அலை நரம்பு' எனலாம். ஆனால் கடலலை நினைவுக்கு வந்துவிடுகிறது. 'அலையும் நரம்பு' என்பதே என் தேர்வு. மலையாளத்திலும் 'அலஞ்ஞு திரியுக' என்று உண்டு; எல்லையின் இரண்டு பக்கமும் புரியும்.

மாமாவின் டிஸ்சார்ஜ் தாளில் 'வேகஸ்' என்றிருந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அலையும் நரம்பு' என்று எழுதிக்கொடுத்தேன். மாமி எழுத்துக்கூட்டாமல் வாசித்துவிட்டு, "எங்க எல்லாம் அலையும்?" என்று கேட்டாள். அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறக்கிக் காட்டினேன்.