தாத்தாவின் சேவேஜ் 99ஐச் சுடுவதற்கு முன்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே என் பட்டறை நிரம்பிவிடும். துப்பாக்கி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். பரணிலிருந்தும் பழைய அலமாரிகளிலிருந்தும் இறங்கி வருகிற ரைபிள்களில் எனக்கு மிகவும் பிடித்தது சேவேஜ் 99. அதிகக் கவலை தருவதும் அதுதான்.

பிடித்ததன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சேவேஜ் உருவாக்கிய இந்த நெம்புகோல் ரைபிள் (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் வகை) 1899இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரிலிருந்து வெளிவந்தது. அந்தக் காலத்து நெம்புகோல் ரைபிள்கள் பெரும்பாலும் குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கின. அதில் கூர்முனைக் குண்டு போட முடியாது. பின்னாலிருக்கும் குண்டின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடியில் தீமூட்டும் சிறு மூடியில், குத்தி வெடித்துவிடலாம். சேவேஜ் அந்தக் குழாயையே விட்டுவிட்டு, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை ஒன்றை உள்ளே வைத்தார். கூர்முனைக் குண்டு, எனவே தூரத்திலும் வேகம் குறையாத குண்டு, நெம்புகோல் ரைபிளுக்கு வந்து சேர்ந்தது. 1915இல் வந்த .250-3000 தோட்டாவின் பெயரிலேயே அந்தப் பெருமை இருக்கிறது: 87 கிரெய்ன் எடையுள்ள குண்டு விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் பாயும். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்பதை இடப்பக்கத்துச் சிறு துளையில் தெரியும் எண்ணே சொல்லிவிடும். அந்த எண் நகர்வதை இன்றும் நான் நின்று பார்ப்பதுண்டு.

பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த ரைபிளின் உற்பத்தி 1990களின் இறுதியில் நின்றுபோனது. உருளையும் உடற்பகுதியும் நுணுக்கமான கடைசல் வேலை கேட்பவை, செலவு அதிகம். அதே நிறுவனம் 1958இல் கொண்டுவந்த 110 என்ற போல்ட் ரைபிளை (கைப்பிடியால் அடைப்பை முன்பின் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) மிக மலிவாகச் செய்ய முடிந்தது. வின்செஸ்டர் 70 என்ற இன்னொரு புகழ்பெற்ற போல்ட் ரைபிளுக்கு வேறு விதி. 1964இல் செலவைக் குறைக்க அதன் அமைப்பை மாற்றினார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 1990களில் பழைய அமைப்பு திரும்பி வந்தது. 99க்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. வாய்த்தால் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன்.

இனி கவலைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தாத்தாவின் 99ஐ எடுத்து வந்தார். கூடவே சுட்ட தோட்டாவின் வெற்று உறை ஒன்று. அதன் கழுத்து ஊதி விரிந்து, நெடுக ஒரு பிளவு ஓடியிருந்தது. ரைபிள் .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கு உரியது. அவர் சுட்டதோ .300 சேவேஜ் என்ற வேறு தோட்டா. தாத்தாவிடம் முன்பு இரண்டு 99கள் இருந்தனவாம்; ஒன்றை விற்றுவிட்டார், அதன் தோட்டாப் பெட்டி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. .300 சேவேஜின் உறை .308இன் உறையைவிட ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் குட்டை. அதனால் தடையில்லாமல் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் போய்விடும், வெடிக்கவும் செய்யும். பிடிப்பில்லாத கழுத்துதான் கிழியும். அவருக்குக் காயம் எதுவுமில்லை. சூடான வாயு முகத்துக்கு வந்திருந்தால் கதையே வேறு.

குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரையும் நான் அப்படியே நம்புவதில்லை. நூறு ஆண்டு வயதான ரைபிளின் அறையை இடையில் யாராவது வேறு தோட்டாவுக்குக் கடைந்திருக்கலாம். 90 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் ஒரு கலப்பு உலோகம் இருக்கிறது. அதை அறைக்குள் ஊற்றி அச்செடுப்பேன். முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அப்போது அளந்தால் அறை தன் உண்மையைச் சொல்லிவிடும். அதன் பிறகு கேஜ் என்ற அளவுகருவி வைத்து, அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். கூடுதலாக இருந்தால் அந்த ரைபிள் என் பட்டறையிலிருந்து சுடும் நிலையில் வெளியே போகாது.

பெயரிலும் பொறி இருக்கிறது. .303 சேவேஜ் தோட்டாவும் .303 பிரிட்டிஷ் தோட்டாவும் ஒன்றல்ல; நீளம், அடிப்பகுதி, விளிம்பு எல்லாமே வேறு.

தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டையைப் பலரும் பார்ப்பதே இல்லை. 99இன் பின்கட்டையை நீளமான ஒரு திருகாணிதான் உடலோடு இறுக்கிப் பிடிக்கிறது. பல ஆண்டுகளில் மரம் வற்றி அது தளர்ந்துவிடும். தளர்ந்த கட்டை ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் மோதி, உலோகமும் மரமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசலாகத் தொடங்கும். நல்ல வெளிச்சத்தில், எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சுடாதீர்கள். பழைய கட்டைக்கு மாற்று தேடுவது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

அந்த இளைஞரின் ரைபிளை அச்செடுத்துப் பார்த்தேன். அறை .308தான், சேதமில்லை. கட்டையின் திருகாணியை இறுக்கினேன். .300 பெட்டியை என்னிடமே விட்டுவிடச் சொன்னேன். ரைபிளை எடுத்துச் செல்லும் பையின் கைப்பிடியில் வெள்ளை நாடா ஒட்டி, "308 மட்டும்" என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஆண்டும் அவர் வந்தார். நாடா அப்படியே இருந்தது.