சான் ஜெர்மன் தோட்டத்தில் ஆர்கன் வாசித்த நீர்

மோட்டாரும் மின்சாரமும் இல்லாத காலத்தில் அரண்மனைத் தோட்டங்களின் நீர்ப் பொறிகளை எது இயக்கியது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாரிசுக்கு மேற்கே, செய்ன் ஆற்றங்கரை மேட்டில் நின்ற சான் ஜெர்மன் ஆன் லே புது அரண்மனையைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி காலத்தில் தொடங்கிய அதை நான்காம் ஹென்றி விரிவாக்கி, ஆற்றை நோக்கிப் படிப்படியாக இறங்கும் தோட்டத் தளங்களை அமைத்தார். பதினான்காம் லூயி 1638இல் பிறந்தது அங்கேதான்.

மேலுள்ள நீரைக் குழாயில் கீழே இறக்கினால், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். அந்த அழுத்தத்தை நம்பியே, புளோரன்சிலிருந்து வந்த பொறியாளர் தொம்மாசோ பிரான்சினி, தளங்களின் அடியிலிருந்த குகைகளில் அசையும் பதுமைகளை நிறுவினார். அவற்றுள் ஒன்று, காற்றால் ஒலிக்கும் குழல்கள் கொண்ட இசைக்கருவியான ஆர்கனை வாசிக்கும் பெண்.

அக்காலத்து நீர் ஆர்கன்கள் இயங்கிய விதம் வியப்பூட்டுவது. செங்குத்தான குழாயில் விழும் நீர், மேற்பகுதியிலுள்ள துளைகள் வழியே காற்றையும் குமிழிகளாக இழுத்துக்கொண்டு இறங்கும். கீழேயுள்ள மூடிய அறையில் நீரும் காற்றும் பிரியும். நீர் வெளியேறும் வழி எப்போதும் மூழ்கியே இருப்பதால், காற்று அவ்வழியே தப்ப முடியாமல் மேலே சேர்ந்து இறுகி, இசைக்குழல்களை நோக்கிப் பாயும்; துருத்தி மிதிக்க ஆள் வேண்டியதில்லை. நீரால் சுழலும் சக்கரம் ஒரு மர உருளையைத் திருப்ப, அதில் அறையப்பட்ட முளைகள் நெம்புகோல்களைத் தட்டி உரிய குழலின் அடைப்பைத் திறக்கும். முளை இருக்கும் இடம் சுரத்தையும், அதன் நீளம் சுரம் ஒலிக்கும் நேரத்தையும் முடிவு செய்யும். பாட்டு முழுவதும் அந்த உருளையிலேயே பதிந்திருக்கும்.

மன்னர்களின் தோட்டத்துக் குகைகளில் இருந்த இத்தகைய பதுமைகளைச் சுட்டியே பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட், குழாயில் நீர் ஓடிப் பதுமையை அசைப்பதுபோல நரம்பில் ஒரு நுண்பொருள் ஓடி உடலை அசைக்கிறது என்று, நரம்புகளைக் குழாய்களுக்கு ஒப்பிட்டார். அவர் விவரித்தபடி, பார்வையாளர் கல்லை மிதித்ததும் நீராடும் ரோமானியத் தேவதை டயானாவின் பதுமை நாணலுக்குள் மறையும். பின்தொடர்ந்தால் கடல் தெய்வமான நெப்டியூன் திரிசூலத்துடன் எதிரே வருவான். நரம்புச் செய்தி மின்வேதி முறையில் செல்வதை இன்று அறிவோம். ஆயினும், வலிப்பு வந்தவரைப் பேய்பிடித்தவர் என்று இன்றும் அலைக்கழிப்பதைக் காணும்போது, உடலசைவுக்குப் பொறியியல் காரணம் தேடிய அந்த மனத்தை நான் போற்றுகிறேன்.

பராமரிப்பின்றித் தளங்கள் சரிந்தன. 1669க்கும் 1674க்கும் இடையில் தோட்டக் கலைஞர் லெ நோத்ர் அருகிலேயே 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெரிய மேடையை அமைத்தார். புது அரண்மனையோ 1777க்குப் பின் இடிக்கப்பட்டது. நான்காம் ஹென்றியின் பெயர் தாங்கிய மண்டபமும் சில சுவர்களும் இன்றும் எஞ்சியுள்ளன.