48 மணி நேரமும் 16 மில்லி நொடியும்

பாலக்காட்டுக் கணவாயின் கேரளப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு டியூஷன் கூடத்தின் மாடியில், சென்ற கோடை விடுமுறையின்போது ஐந்து மாணவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு எழுந்தார்கள். அதற்குள் அவர்கள் கையில் ஒரு வீடியோ கேம் இருந்தது. இரவு நேரத்தில் வாளையாற்றுக் காட்டின் வழியே ரயில் ஓட்ட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளை இடித்துவிடக் கூடாது. பாலக்காட்டுக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவும் வேண்டும். ஆடுபவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு பட்டன், அதுவும் பிரேக். நிரல் எழுதத் தெரிந்த மூத்தவன் என்ற பெயரில் நானும் அங்கே இருந்தேன். உண்மையில் தேநீர் வாங்கி வந்த வேளைகளே அதிகம்.

இப்படிக் குறித்த கால வரம்புக்குள், தொடக்கத்தில்தான் அறிவிக்கப்படும் ஒரு கருப்பொருளை வைத்து, சிறிய கேம் ஒன்றை உருவாக்கி எல்லோருக்கும் விளையாடக் கொடுப்பதற்குக் கேம் ஜாம் என்று பெயர். இசைக்கலைஞர்கள் முன்னேற்பாடின்றிக் கூடி வாசிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இந்த ‘ஜாம்’. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லாந்தில் சில நிரலாளர்கள் கூடி நடத்திய இண்டி கேம் ஜாம் இதன் தொடக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டு இணையத்தில் தொடங்கிய லூடம் டேர் போட்டியில், ஒருவரே 48 மணி நேரத்துக்குள் நிரல், படம், ஒலி அனைத்தையும் தாமே செய்து முடிக்க வேண்டும் என்ற விதி நிலைபெற்றது. 2009இல் முதன்முறை நடந்த குளோபல் கேம் ஜாம் 23 நாடுகளில் ஒரே வார இறுதியில் நடைபெற்றது. அதன் 2013ஆம் ஆண்டுக் கருப்பொருள் ஒரு சொல்லாகக்கூட இல்லை. இதயத் துடிப்பின் ஓசையைப் போட்டுக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். நடுங்கும் கையால் அறுவை சிகிச்சை செய்யவைத்துச் சிரிக்கவைக்கும் சர்ஜன் சிமுலேட்டர் அந்த ஓசையிலிருந்து முளைத்ததுதான். விளையாட்டின் விதிகளையே சொற்கட்டைகளாகத் தள்ளி மாற்றும் பாபா இஸ் யூ, 2017இல் நார்டிக் கேம் ஜாமில் உருவான சிறு மாதிரியிலிருந்து வளர்ந்தது.

எங்கள் மாடியில் சீட்டுக் குலுக்கி எடுத்த கருப்பொருள் ‘தாமதம்’. ரயில் பாதைக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேறு எது நினைவுக்கு வரும்? எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே காட்டுக்குள் செல்லும் இருப்புப்பாதைகளில் யானைகள் ரயிலில் அடிபடுவது இப்பகுதியின் தீராத துயரம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் 3 யானைகள் இறந்தன. எனவே ரயிலும் யானையும் என்பது பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. முடிவாகாதது மற்றதெல்லாம். முதல் மணி நேரத்தில் ஐந்து நிலைகள், வனக்காவலர் ஒருவர், மழை, சிறுத்தை, டிக்கெட் பரிசோதகருடன் உரையாடல் என்று பட்டியல் நீண்டது. இரண்டு இரவுத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 28 மணி நேரம் என்று ஒரு மாணவி கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டு பிரேக் மட்டும் நின்றது. நிரல் எழுதுவதைக் காட்டிலும் இந்த அடித்தல்தான் கேம் ஜாமின் கடினமான வேலை என்பது என் எண்ணம்.

இனி இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அடுத்த படம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுக் காத்திருக்கிறது. வீடியோ கேமில் அடுத்த படம் இன்னும் பிறக்கவே இல்லை, ஏனெனில் ஆடுபவர் பட்டனை அழுத்துவாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நிரல் ஒரு செக்கு மாட்டைப் போல ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது: பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, அதற்கேற்ப ரயிலின் வேகத்தையும் யானைகளின் இடத்தையும் கணக்கிடுவது, கணக்கிட்டதைத் திரையில் வரைவது, மீண்டும் பட்டனைப் பார்ப்பது. நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும்.

ரயிலின் வேகத்தை முதலில் ‘ஒரு சுற்றுக்கு ஒரு பிக்சல்’, அதாவது திரையின் ஒரு புள்ளி, என்று எழுதியிருந்தார்கள். 4 பிக்சல் ஒரு மீட்டர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவு. நொடிக்கு 60 சுற்று ஓடும் கணினியில் அது மணிக்கு 54 கி.மீ. வேகமாகத் தெரிந்தது. அதையே நொடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கும் ஒரு செல்பேசியில் போட்டபோது ரயில் 108 கி.மீ. வேகத்தில் பறந்தது, மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பில், 30 சுற்றுக்கே மூச்சு வாங்கியதால், 27 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தது. ஒரே விளையாட்டு ஒருவருக்கு ஆட முடியாததாகவும் இன்னொருவருக்குச் சலிப்பூட்டுவதாகவும் இருந்தது. இதற்கு மருந்து எளிது: முந்தைய சுற்றிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்று கடிகாரத்தைப் பார்த்து, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்கி, அவ்வளவு தூரம் மட்டும் நகர்த்த வேண்டும். அப்போது சுற்றுகள் கூடினாலும் குறைந்தாலும் ரயில் ஒரு நொடியில் கடக்கும் தூரம் மாறாது.

பிரேக்கில்தான் விளையாட்டின் உயிர் இருந்தது. பட்டனை அழுத்தியவுடன் ரயில் நின்றுவிட்டால் அது ஆட்டோ, ரயில் அல்ல. வேகத்தின் இருமடியை, வேகம் குறையும் வீதத்தின் இரட்டிப்பால் வகுத்தால் நிற்கும் தூரம் கிடைக்கும் என்பது பதினோராம் வகுப்புப் பாடம். ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் அளவு குறைவதாக மாணவர்கள் தாங்களே ஓர் எண்ணை வைத்துக்கொண்டார்கள். மணிக்கு 45 கி.மீ. என்பது நொடிக்கு 12.5 மீட்டர், நிற்க 156 மீட்டர் வேண்டும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனால் 625 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்காகிறது. இப்போது திரையைப் பாருங்கள்: அதன் அகலம் 640 பிக்சல், அதாவது 160 மீட்டர், எஞ்சின் இடது ஓரத்தில் நிற்கிறது. 45 கி.மீ. வேகத்தில் வருபவர் வலது ஓரத்தில் யானையைக் கண்ட கணமே பிரேக் பிடித்தால் மயிரிழையில் தப்புவார். 90 கி.மீ. வேகத்தில் வருபவர் யானையைக் காணும்போதே தோற்றுவிட்டார். அது அவருக்குத் தெரிய இன்னும் ஆறேழு நொடி ஆகும், அவ்வளவுதான். காட்டுப்பாதையில் இரவு வேகத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பதன் காரணத்தை எந்தச் சுவரொட்டியைக் காட்டிலும் தெளிவாக எனக்குச் சொன்னது அந்த 640 பிக்சல் திரை.

சனிக்கிழமை நள்ளிரவில் ஒரு பேய் புகுந்தது. முழு வேகத்தில் ஓடும்போது ரயில் சில சமயம் யானைக்கன்றின் ஊடாகவே சென்று, கன்றுக்கு ஒன்றும் ஆகாமல் மறுபக்கம் வந்தது. மோதல் என்பது கணினியைப் பொறுத்தவரை இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்ற கேள்வி மட்டுமே. அந்தக் கேள்வியும் ஒவ்வொரு சுற்றின் முடிவில்தான் கேட்கப்படுகிறது, இடைப்பட்ட நேரத்தில் நடப்பது அதன் கண்ணில் படுவதில்லை. மாணவர்கள் எஞ்சின் மூக்கில் மட்டும் 4 பிக்சல் அகலச் செவ்வகம் வைத்திருந்தார்கள். கன்றின் அகலம் 24 பிக்சல். (அளவுப்படி அது 6 மீட்டர் நீளக் கன்று, யாரும் கேட்கவில்லை.) ஹாரன் ஒலிக்கோப்பு முதன்முறை ஏற்றப்படும்போது நிரல் 0.3 நொடி திகைத்து நின்றது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அந்த 0.3 நொடிக்கான 30 பிக்சலையும் ரயில் ஒரே தாவலில் கடந்தது. 24உம் 4உம் சேர்ந்த 28ஐவிட 30 பெரிது; எனவே தாவலுக்கு முன்னும் செவ்வகங்கள் தொடவில்லை, பின்னும் தொடவில்லை. கழிந்த நேரம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அதை ஒரு நொடியின் 60இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நகர்த்திச் சோதித்து, கடைசியில் ஒருமுறை மட்டும் வரையச் சொன்னதும் பேய் ஓடிவிட்டது. ஹாரனையும் தொடக்கத்திலேயே ஏற்றிவைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் ஏமாற்றும் உண்டு, அது வேண்டுமென்றே செய்யப்படுவது. யானையின் செவ்வகத்தைத் தும்பிக்கையும் வாலும் அடங்காதபடி சுருக்கிவிட்டார்கள். வால் நுனியில் உரசியதற்குத் தோற்றால் ஆடுபவருக்குக் கோபம் வரும். மயிரிழையில் தப்பியதாகத் தோன்றினால் மறுபடி ஆடத் தோன்றும். நல்ல கேம்கள் பலவும் இப்படி ஆடுபவர் பக்கம் சற்றே சாய்ந்த தராசுகள்.

யானைகளின் அறிவு மிக எளிமையானது. ஒவ்வொரு யானையும் மேய்தல், நடத்தல், நின்று பார்த்தல் என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஹாரன் கேட்டால் நடப்பது நிற்பதாக மாறலாம், மாறாமலும் போகலாம், அதைத் தாயக்கட்டை உருட்டுவது போன்ற ஒரு தற்செயல் எண் தீர்மானிக்கும். கூட்டத்தை மூத்த பெண் யானை நடத்துவதும் கன்று நடுவில் வருவதும் மட்டும் மாறாது.

எழுத்தில் மாட்டிக்கொண்டது தமிழுக்கே உரிய சிக்கல். எஞ்சின் ஓட்டுநர் பேசும் வரிகள் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ‘ரயில்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினியின் நினைவில் அது ர, ய, இகரக் குறி, ல, புள்ளி என ஐந்து குறிகள். குறி குறியாகக் காட்டினால் முதலில் ‘ரய’ வந்து, பிறகு ‘ரயி’ ஆகி, ‘ரயில’ என்று நின்று, கடைசியில் புள்ளி தலையில் விழுகிறது. படிப்பதற்குத் திக்குவாய் போல இருக்கிறது. ‘யானை’யில் இன்னொரு வேடிக்கை: ஐகாரக் குறி நினைவகத்தில் னகரத்துக்குப் பின்னால் இருக்கிறது, திரையிலோ அதற்கு முன்னால் வரைய வேண்டும். கொம்புள்ள எழுத்துகள் எல்லாவற்றுக்கும், மலையாளத்துக்கும், இந்த இடமாற்றம் தேவை. இதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல் இல்லாத கேம் கருவிகளில் தமிழ் சிதறித்தான் கிடக்கும். பலரும் பயன்படுத்தும் கோடோ என்ற திறந்த மூலக் கருவியில், 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் இந்த வசதி சேர்ந்தது. அதற்கு முன்பு தமிழ் வரிகளைப் படமாக வரைந்து ஒட்டிய காலத்தை நான் அறிவேன். மாணவர்கள் அந்தப் பதிப்பைத்தான் பயன்படுத்தினார்கள். குறிகளை எண்ணாமல் எழுத்துகளை எண்ணிக் காட்டும்படி இரண்டு வரி சேர்த்ததும் ஓட்டுநர் தமிழிலும் மலையாளத்திலும் ஒழுங்காகப் பேசினார்.

ஒலிக்கு அதிக நேரம் செலவாகவில்லை. 2007இல் லூடம் டேர் பங்கேற்பாளர்களுக்காக எழுதப்பட்ட எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற குட்டி நிரல் இன்றும் உழைக்கிறது: மேலும் கீழும் மட்டும் தாவும் சதுர அலையை நீட்டினால் ஹாரன், ஒழுங்கற்ற இரைச்சலை மெல்ல அடக்கினால் பிரேக்கின் கிறீச்.

முடிந்த கேமைப் பகிர்வதற்கு இப்போது யாரும் குறுந்தகடு சுமப்பதில்லை. கேமை இயக்கும் நிரல், உலாவியால் ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி என்ற வடிவுக்கு மாற்றப்பட்டு, உலாவிக்குள்ளேயே ஓடும். கோப்புகளை ஒரே ஜிப்பாகக் கட்டி, 2013இல் தொடங்கிய இட்ச்.ஐஓ போன்ற தளத்தில் ஏற்றினால், இணைப்பைத் தொடும் எவரும் நிறுவாமலே ஆடலாம். ஆனால் பயனர் ஒருமுறை தொடும்வரை பக்கத்தை ஒலி எழுப்ப உலாவிகள் பொதுவாக விடுவதில்லை. ஆகவே ‘தொடங்கு’ பட்டன் ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது. அது அழகுக்காக வைப்பதன்று.

ஏற்றுவதற்கு முன் உருவாக்காதவர் ஒருவரை ஆடவைக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். வந்தவர் ஒரு மாணவரின் தாத்தா, ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதையோரத்தில் மாணவர்கள் வரைந்து நட்டிருந்த ‘45’ பலகையைப் பார்த்துவிட்டு, வேகமுள் அதைத் தாண்டாதபடி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். ஒரு யானையும் அடிபடவில்லை. ஆனால் மூன்று முறை ஆடியும் மூன்று முறையும் ‘தாமதம்’ என்று சொல்லித் திரை அணைந்தது.

“45ன்னு போர்டு வெச்சுப்போட்டு, 45ல போனாத் தோத்துட்டேன்னு சொன்னா எப்படிடா?” என்றார்.

ஐவரும் நோட்டை எடுத்தார்கள். பாதையின் நீளம் 2,400 மீட்டர், கெடு 180 நொடி. பிரேக்கே பிடிக்காமல் 45 கி.மீ. வேகத்தில் போனாலும் 192 நொடி ஆகும். விதியை மதிப்பவர் வெல்ல வழியே இல்லாத விளையாட்டைத் தெரியாமலே கட்டியிருந்தார்கள். கெடுவைக் கூட்டினால் பரபரப்பு போய்விடும் என்று ஒருவன் வாதாடினான்; யானைக்காக ஒருமுறை நின்று கிளம்புகிற நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்ட மாணவி சொன்னாள். மாலை 5:40க்கு 180 என்ற எண் 240 ஆனது, ஜிப் மறுபடி கட்டப்பட்டது, தாத்தா நான்காவது முறை உட்கார்ந்து 231ஆவது நொடியில் பாலக்காடு சேர்ந்தார்.