வேலை நேரத்தை மருந்துச் சீட்டில் எழுத முடியாது

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுபவர்களுக்குக் கோடை முற்றிவிட்டதை நாட்காட்டி பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென உளறத் தொடங்கினார் என்று கட்டுமானத் தொழிலாளி ஒருவரைப் பிற்பகல் மூன்று மணி வாக்கில் உடன் வேலை செய்வோர் தூக்கி வருவார்கள். தொட்டால் தோல் அனலாய்ச் சுடும், உடலின் உள்வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் பாராசிட்டமால் பயன்படாது. காய்ச்சலின்போது மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தன் அளவைத் தானே உயர்த்திக்கொள்கிறது. வெப்பத் தாக்கத்திலோ உடல், சேரும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போகிறது. ஆகவே பனிக்கட்டி நீரில் அமிழ்த்தியோ, மேலெல்லாம் நீர் தெளித்து விசிறியைச் சுழலவிட்டோ, அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்க வேண்டும். தாமதமானால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் என்று பாதிப்பு பரவும்.

பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, "நிறைய நீர் குடிக்கவும், நண்பகல் வெயிலைத் தவிர்க்கவும்" என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தத் தாளைப் படித்த ஒருவர், "அப்போ வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை, அதைச் சீட்டில் எழுதித் தரும் அதிகாரம் எனக்கும் இல்லை. அது சட்டம் இயற்றுவோரிடம் இருக்கிறது.

மருத்துவ வரலாற்றில் இது புதிய நிலைமை அன்று. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, நோய் குடிநீர் வழியாக வருகிறது என்பதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக்குழாயை ஆதாரமாகக் கொண்டு காட்டினார். ஆனாலும், 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் கழிவுநீர்க் கால்வாய்களுக்கான சட்டம் விரைந்து நிறைவேறியது. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, கால்வாய்ப் பணி முடிவடையாதிருந்த கிழக்கு லண்டனே பெரிதும் பலியானது. அதே நகரம், அதே நோய். உயிர் பிழைப்பதைக் கால்வாய் வந்து சேர்ந்ததா இல்லையா என்பதே தீர்மானித்தது.

பருவநிலை விஷயத்தில் அந்த நாற்றம் நம் மூக்கை எட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2003 கோடையில் ஐரோப்பாவில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்ததாக ஆய்வுகள் கணக்கிட்டன. உலக நாடுகள் செய்துகொண்ட 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவிலிருந்து 1.5 டிகிரிக்குள் புவியின் வெப்ப உயர்வை நிறுத்த முயல்வதாகச் சொன்னது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்ப உயர்வே அந்த அளவைக் கடந்தது. ஓர் ஆண்டு கடந்ததால் ஒப்பந்தம் முறிந்துவிட்டதாகப் பொருளில்லை, நீண்ட காலச் சராசரியே கணக்கு என்பது சரிதான். ஆனால் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும் நோயாளியின் அருகில் நின்றபடி, சராசரி இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று எந்த மருத்துவரும் ஆறுதல் சொல்ல மாட்டார்.

அரசுகளால் இயலாது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஓசோன் படலத்தை அரித்த வேதிப்பொருள்களை 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை படிப்படியாக நிறுத்தியது. இன்று அந்தப் படலம் மெல்ல மீண்டுவருகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற வாசகத்தையோ, உலக நாடுகள் தம் பருவநிலை மாநாட்டு முடிவில் 2023இல்தான், அதாவது 28ஆவது மாநாட்டில்தான், முதன்முதலாக எழுதின. எந்த ஆண்டுக்குள் முழுவதும் நிறுத்துவது என்பது அதில் இல்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் நோயாளிகளும் மருத்துவர்களும் சில கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை டிகிரிக்கு மேல் திறந்தவெளி வேலையை ஊதிய இழப்பின்றி நிறுத்தச் சட்டம் கொண்டுவருவீர்கள்? கடைசி நிலக்கரி மின்நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும்? எரிபொருளுக்கான மானியத்தில் எவ்வளவு, எப்போது, எதற்கு மாற்றப்படும்? பதிலில் ஆண்டும் எண்ணும் இருக்க வேண்டும். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் மறுபடியும் கேட்க வேண்டும்.