பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

அடித்தகரம் துருப்பிடித்துப்போய் வந்ததில், தீபாவளிக்கு அப்புறம் இது நாலாவது வண்டி. இனியும் எழுதாமல் இருந்தால் சரியில்லை என்றுதான் உட்கார்ந்தேன்.

மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு தம்பி வந்தார். தினமும் மேலூரிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர். மழையில் பைக் ஓட்டி அலுத்துப்போய், சேர்த்து வைத்த பணத்தில் 90 ஆயிரம் கொடுத்து ஒரு 2011 மாடல் சின்ன கார் வாங்கியிருக்கிறார். "அண்ணே, வண்டி நல்ல கண்டிஷன். பிரேக் மட்டும் லேசா ஒரு பக்கம் இழுக்குது, பாத்துக் குடுங்க" என்றார். புது பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே புது சீட் கவர், பதினைந்தாயிரத்துக்கு டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ. ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வண்டி மேலே வரவில்லை, ஜாக்கிதான் வண்டிக்குள் போனது. கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு தகரம் பொரை பிஸ்கட் மாதிரி நொறுங்கி, இரண்டு கை அள்ளுகிற அளவுக்குத் துரு கொட்டியது. அடியில் கறுப்பாக அண்டர்கோட்டிங், அதாவது துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற பூச்சு, அடித்திருந்தார்கள். அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், மூன்று இடத்தில் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டியை (ஓட்டையும் பள்ளமும் நிரப்புகிற பசை) அப்பி, மேலே தார் மாதிரி கோட்டிங் அடித்து மூடி விற்றிருக்கிறார்கள். நம்பர் பிளேட்டில் டிஎன் 69, தூத்துக்குடி வண்டி. ஆர்சியில் (பதிவுச் சான்று) இருந்த முகவரி கடற்கரையை ஒட்டிய தெரு. உப்புக்காற்றில் பத்து வருஷத்துக்கு மேல் நின்ற வண்டி.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அந்தத் தம்பி கேட்டார்: "ஆனா இன்ஜின் நல்லாத்தானே இருக்குண்ணே?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய கார் வாங்குகிற எல்லோரும் இன்ஜினைப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை மிதித்து, சத்தத்தைக் கேட்டு, "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஐயா, ஒரு காரில் மாற்ற முடிகிற பொருள் இன்ஜின். ரிங் பிஸ்டன் போடலாம், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கலாம், ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பலாம். எதுவும் முடியாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடி வேறொரு இன்ஜினையே கொண்டுவந்து மாட்டி, ஆர்டிஓ ஆபீசில் சொல்லி ஆர்சியில் நம்பரைத் திருத்திக்கொள்ளலாம். பணம் செலவாகும், வலிக்கும், ஆனால் அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் வண்டி வெளியே போய்விடும்.

தகரம் அப்படி இல்லை. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் இருப்பது போல இந்தச் சின்ன கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தளம், ரன்னிங் போர்டு, பில்லர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக இருக்கிறதே, அதுதான் சேஸிஸ். முன்னால் ஷாக் அப்சார்பர் போய் நிற்பது இந்தத் தகரத்தில். லோயர் ஆர்ம் மாட்டியிருப்பது இந்தத் தகரத்தில். உங்கள் பிள்ளைக்கு மாட்டிவிடுகிற சீட் பெல்ட்டின் போல்ட் முறுக்கியிருப்பதும் இதே தகரத்தில்தான். அது செத்துப்போனால் பெல்ட் அறுந்து போக வேண்டியதில்லை, போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். "பேட்ச் அடிச்சுக் குடுங்கண்ணே" என்பார்கள். பேட்ச் வெல்டிங் பிடிக்க வேண்டுமென்றால் சுற்றிலும் நல்ல தகரம் இருக்க வேண்டும். துருப்பிடித்த இடத்தை வெட்டி, நல்ல தகரத்தைத் தேடிக்கொண்டே போனால் சில வண்டிகளில் டிக்கி வரைக்கும் போய்விடுகிறது. கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓட்டை என்றால் செய்து கொடுக்கிறேன். ரன்னிங் போர்டும், ஷாக் அப்சார்பர் போய் நிற்கிற ஷாக் டவரும் போன வண்டிக்கு நான் பேட்ச் அடிப்பதில்லை, அடித்துக் கொடுக்கிறவர்களிடமும் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே முதலில் குனியுங்கள். டார்ச் அடித்து அடியில் பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பழைய வண்டியில் புத்தம்புது அண்டர்கோட்டிங் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், எதற்கு அடித்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் இருக்குமே, அதை ஒரு துணியில் சுற்றிக் கதவின் கீழ் ஓரத்திலும் சக்கரத்துக்கு மேல் வளைவிலும் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் ஒட்டாமல் விழும். (பம்பர் பிளாஸ்டிக், அதில் வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணாதீர்கள்.)

அடுத்தது தண்ணீரில் நின்ற வண்டிகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கொட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு இரண்டு வாரம் முன்னால் சென்னையில் மிக்ஜாம் புயல். அந்த மாதம் மூழ்கிய வண்டிகளெல்லாம் கழுவி, காய வைத்து, இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் இன்ஜின் சரியாகவே ஓடும். ஒயரிங்கில்தான் கோளாறு. இன்றைக்கு பவர் விண்டோ வேலை செய்யாது, நாளைக்கு ஹெட்லைட் எரியாது, ஒரு நாள் நடு ரோட்டில் வண்டியே நின்றுவிடும். நான் கனெக்டர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பச்சைக் களிம்பைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீங்கள் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். கண்டுபிடிப்பது சுலபம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சில் மக்கிய வாடை. ஏசி போட்டதும் சென்ட் வாசனை தூக்கலாக வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சரி, இன்ஜினையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஆறிய இன்ஜினைப் பாருங்கள். காலையில் போங்கள், நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் நிறத்தில் பசை மாதிரி இருந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர்) ஆயிலில் கலக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சான்ட்ரோ ஜிங்கில் பெல்ட், ஆல்ட்டோ கே10-ல் செயின். பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 48 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், ஸ்டீரியங் பளிங்கு மாதிரி ஆகியிருக்கும். இன்னொன்று, எங்கள் தொழிலில் இருக்கிறவர்களே செய்வதால் சொல்ல வருத்தமாக இருக்கிறது: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ், செக் இன்ஜின் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

டெல்லி வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் விலை குறைவாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வர வேண்டும், இங்கே சாலை வரி மறுபடி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள். ஷெவர்லே 2017-லேயே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல வண்டிகள்தான், நானே விரும்பி வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சென்சாருக்கு மூன்று வாரம் காத்திருக்க உங்களால் முடியுமா? தினமும் வேலைக்குப் போகிற வண்டி என்றால், உங்கள் ஊர் ஸ்பேர் கடையில் கேட்ட அன்றே பார்ட்ஸ் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. கையில் ஒரு லட்சம் இருந்தால் 60 ஆயிரத்துக்கு வண்டி பாருங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். அதில் முதல் செலவு பிரேக்குக்கும் டயருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. டயர் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டையாகி வெடித்திருந்தால் மழையில் பிடிக்காது. அப்புறம் ஸ்டீரியங் வேலை, புஷ், ரேடியேட்டர் ஹோஸ், எல்லா ஆயிலும். ஸ்டீரியோவும் சீட் கவரும் ஆறு மாதம் கழித்து. அந்தத் தம்பியின் வண்டி ஏன் ஒரு பக்கம் இழுத்தது தெரியுமா? பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் லைனிங் முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. அந்த வண்டியில்தான் மனைவியையும் கைக்குழந்தையையும் உட்கார வைத்து நத்தம் வரை போய்வந்திருக்கிறார்.

பேப்பர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். அந்த வண்டிக்கு ஆர்சி முடிய நாலே மாதம்தான் இருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியை ஆர்டிஓவில் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கித்தான் புதுப்பிக்க முடியும். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஆர்சி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டிவிடும். ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்று காட்டுகிற ஃபார்ம் 35-ம் பேங்க் என்ஓசியும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தவறினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது.

கடைசியாக, தயவுசெய்து வாங்குவதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுவாருங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, ராம்ப் வைத்திருக்கிற, வண்டி விற்கிற புரோக்கரிடம் கமிஷன் வாங்காத எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி. வண்டியைத் தூக்கிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும், அதற்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். ராம்ப்பில் ஏற்ற விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். என் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ராம்ப் காலியாகத்தான் இருக்கும்.