எண் போட்டு வரும் வீடு

ஐரோப்பாவின் பழைய மரச்சட்ட வீடுகளில் தூணும் விட்டமும் சேரும் மூட்டை உற்றுப் பார்த்தால், உளியால் கீறிய கோடுகள் தெரியும். அவை ரோமன் எண்கள். வளைவே இல்லாத எழுத்து என்பதால் உளிக்குத் தோது. நாலு என்று எழுத, முறைப்படி ஐந்தின் குறிக்கு இடப்பக்கம் ஒரு கோடு போட வேண்டும். தச்சர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்யாமல் நாலு கோடுகளைக் கீறிவிட்டுப் போனார்கள். மரம் தலைகீழாகக் கிடந்தால் நாலு, ஆறாகத் தெரியுமே!

வீட்டின் சட்டங்களை முதலில் பட்டறை முற்றத்தில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். மூட்டுக்கு மூட்டு எண் கீறுவார்கள். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றி, வீடு எழும்ப வேண்டிய இடத்தில் மறுபடி சேர்ப்பார்கள். ஆலையில் வெட்டி, எண் போட்டு, லாரியில் வந்து இறங்கும் இன்றைய 'கிட்' வீட்டின் அடிப்படை யோசனை இதேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று ஒரு தூணின் கழுந்து, அதாவது முனையில் செதுக்கிய நாக்கு, ஒரே ஒரு விட்டத்தின் துளைக்குத்தான் பொருந்தும். எண் அழிந்தால் தொலைந்தோம். இன்று ஒரே அளவில் நூறு சட்டங்கள் இருந்தால், எதை எடுத்து எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

இதற்கு வழி திறந்தது 1830-களில் சிகாகோ பக்கம் பரவிய கட்டுமுறை. ரம்ப ஆலைகள் மெல்லிய சட்டங்களை ஒரே அளவில் அறுத்துத் தள்ளின. இயந்திரம் செய்த ஆணி மலிவானது. நாலைந்து கனத்த தூண்கள் தாங்கிய பாரத்தை, நெருக்கமாக நிறுத்திய டஜன் கணக்கான மெல்லிய சட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டன. கழுந்து செதுக்கும் கைத்திறன் தேவைப்படவில்லை. ஆணியடிக்கத் தெரிந்தால் போதும். அங்கிருந்து வீட்டையே தபாலில் விற்பது அடுத்த எட்டுதான். மிச்சிகனின் பே சிட்டியில் அலாதீன் நிறுவனம் 1906-இல் இதைத் தொடங்கியது. தன் பலகையில் ஒரு கணுவைக் கண்டுபிடித்தால் ஒரு டாலர் தருவதாகக்கூட விளம்பரம் செய்தது. 1908-இல் களமிறங்கிய சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வணிக நிறுவனம், 1940 வரை சுமார் 70,000 வீடுகளைப் பட்டியல் புத்தகம் மூலமாகவே விற்றது. வீடு ரயில் பெட்டியில் வரும். சராசரி வீடு ஒன்றுக்கு ஆணி, கூரைச் சில்லு எல்லாம் சேர்த்து 30,000 துண்டுகள் என்பார்கள்.

இன்று கிட் என்று விற்பவை எல்லாம் ஒரே ரகமல்ல. அளவாக வெட்டிய சட்டங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவது ஒரு வகை. ஜன்னல் ஓட்டையோடு முழுச் சுவரையே ஆலையில் செய்து, கிரேனில் தூக்கி வைப்பது இன்னொன்று. உருட்டுமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மூன்றாவது. பலகை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த கனத்த பலகைகளால் மாடி மாடியாக எழுப்புவதும் உண்டு. இப்படி ஒட்டிச் செய்த கனத்த மரத்தை முக்கியமாக வைத்து நார்வேயும் அமெரிக்காவும் 85 மீட்டர் தாண்டிய கட்டடங்களைக் கட்டிவிட்டன. நாம் தனி வீட்டோடு நிற்போம்.

சட்ட வீட்டின் கணக்கு பலகையில் தொடங்குகிறது. பிளைவுட் பலகை பொதுவாக 1200 மில்லிமீட்டர் அகலம். சுவர்ச் சட்டங்களை மையத்துக்கு மையம் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் நிறுத்துகிறார்கள். எப்படி நிறுத்தினாலும் பலகையின் விளிம்பு ஒரு சட்டத்தின் நடுவில்தான் வந்து முடியும். பாதிச் சட்டம் இந்தப் பலகைக்கு, மீதிப் பாதி அடுத்த பலகைக்கு. நடுவில் அடைக்கும் வெப்பக்காப்புப் பஞ்சும் இதே இடைவெளிக்குத் தக்க அகலத்தில் வருகிறது. அதனால்தான் "ஜன்னலை ஒரு அரை அடி தள்ளி வையுங்களேன்" என்று கடைசி நேரத்தில் கேட்டால் ஆலைக்காரர் முகம் மாறுகிறது.

என்னைக் கேட்டால், கிட் வீட்டின் தலைவிதி லாரி வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது, அஸ்திவாரத்தில். கான்கிரீட் வேலையில் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே போவது சகஜம். பிறகு பூச்சில் சரிக்கட்டிவிடலாம். ஆலையில் வெட்டிய மரத்துக்குப் பூச்சு கிடையாது. சென்டிமீட்டரில் பழகிய ஒரு தொழிலும் மில்லிமீட்டரில் பழகிய ஒரு தொழிலும் சந்திக்கும் கோடு அது. தகராறுகளில் பாதி அங்கேதான் பிறக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் கொண்ட தளம். மூலை சரியாக இருந்தால் மூலைவிட்டம் 15 மீட்டர். இப்போது எதிர்ப்பக்கத்து நீள விளிம்பு மொத்தமாக, தன் நீளவாக்கிலேயே, 20 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேப் பிடித்து நாலு பக்கத்தையும் அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். அகலத்தில் வந்திருக்கும் மாற்றம் ஒரு மி.மீ.யில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் ஒன்று 16 மி.மீ. கூடியிருக்கும், மற்றொன்று 16 மி.மீ. குறைந்திருக்கும். வித்தியாசம் 32. பக்கத்தில் ஒளிந்துகொண்ட பிழையை மூலைவிட்டம் பெரிதாக்கிக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு பேரும் ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதும். இதைச் செய்யாமல் விட்டால், கூரை ஏறும்போதுதான் தெரியும். கைமரங்கள் ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

தளத்தின் மேல் முதலில் படுப்பது அடிச்சட்டம். கான்கிரீட்டில் பதித்த போல்ட்டுகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஈரம் ஏறாத ஒரு தாள் உண்டு. கான்கிரீட் தரையிலிருந்து நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வீட்டின் முதல் மரமே முதலில் மக்கும். தளம் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே மெல்லிய தகடுகளைச் செருகி, ரசமட்டம் பார்த்து, பிறகு நட்டை முறுக்குகிறார்கள். கரையான் உள்ள இடமானால் மருந்து ஏற்றிய மரம் இங்கே கட்டாயம்.

சுவர் எழுந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நாலு குச்சியை மூலைக்கு ஓர் ஆணியாக அடித்துச் செவ்வகம் செய்து, மேல் மூலையை விரலால் தள்ளுங்கள். பேசாமல் சரிந்து இணைகரமாகிவிடும். சட்டச் சுவரும் அப்படித்தான்: மேலிருந்து வரும் பாரத்தைச் சளைக்காமல் தாங்கும், பக்கவாட்டில் வரும் காற்றுக்கு மட்டும் படுத்துவிடும். அதனால்தான் வேலை நடக்கும்போது சுவருக்குச் சுவர் சாய்வாகத் தற்காலிக முட்டுக்கட்டைகள் நிற்கின்றன. நிரந்தரமான பதில் பிளைவுட் பலகை. அதை விளிம்பெல்லாம் ஆணியடித்துவிட்டால், செவ்வகம் சரிய வேண்டுமானால் பலகையே உருமாற வேண்டும்; பலகை அதற்கு லேசில் இசையாது. விசை முழுவதும் ஆணிகள் வழியாகப் பலகைக்குப் போகிறது. விளிம்பில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று என்று வரைபடத்தில் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான். ஆணித் துப்பாக்கியின் அழுத்தம் கூடி, ஆணித்தலை பலகைக்குள் புதைந்துபோனால், எண்ணிக்கை சரியாக இருந்தும் பலம் குறையும். தலைதான் பலகையைப் பிடிக்கிறது. அது பாதிப் பலகையைத் துளைத்துவிட்டால் பிடிக்க மீதம் என்ன இருக்கிறது?

காற்றுக்கு இன்னொரு வேலையும் தெரியும், தூக்குவது. கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2,400 கிலோ. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரம் 450-லிருந்து 500. இந்த லேசான உடம்பு அஸ்திவாரச் செலவைக் குறைக்கிறது, நிலநடுக்கத்திலும் உதவுகிறது. புயலில் மட்டும் அது பாதகம். ஆகவே கைமரத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடிச்சட்டத்துக்கு, அடிச்சட்டத்திலிருந்து கான்கிரீட்டுக்கு இரும்புப் பட்டைகள் சங்கிலிபோல் இறங்க வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

சரி, தீ? எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. கனத்த மரம் எரியும்போது வெளிப்புறம் கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை உள்ளே விடாது. ஊசியிலை மரத்தில் கரி நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ. வீதம் உள்ளே நகரும். ஒரு மணி நேரத்தில் 4 செ.மீ. சொச்சம். ஆகவே பெரிய விட்டத்தைத் தீ படும் பக்கம் ஒவ்வொன்றிலும் அந்த அளவு கூடுதல் பருமனாக வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் நிற்கும். இந்த ஆறுதல் கனத்த மரத்துக்கு மட்டும்தான் என்பதை விற்பவர்கள் சில சமயம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 45 மி.மீ. தடிமனுள்ள சட்டத்தில் இரண்டு பக்கமும் 4 செ.மீ. கரியானால் மரமே மிஞ்சாது. அங்கே காப்பாற்றுவது உள்சுவரின் ஜிப்சம் பலகை. ஜிப்சத்துக்குள் நீர் வேதிமுறையில் கட்டுண்டு கிடக்கிறது. அது ஆவியாகி முடியும்வரை பலகையின் பின்பக்கம் கொதிநிலையைத் தாண்டுவதில்லை.

மரக்கட்டுகள் வந்து இறங்கும் நாள் முக்கியமானது. நன்றாகப் பொதி கட்டிய லாரியில், முதலில் வேண்டியது மேலே இருக்கும்; கூரை மரம் அடியில் கிடக்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் கண்ட இடத்தில் இறக்கி வைத்தால், ஒரு சட்டத்துக்காக ஒரு மலையையே புரட்ட வேண்டிவரும். மண்ணில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மூடி, பக்கங்களில் காற்றுப் போக விட வேண்டும். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் பத்திரம் என்று தோன்றும். உண்மையில் உள்ளே ஈரம் புழுங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சைக்கு வழியில்லை. அதைத் தாண்டி நீடித்தால் கதை வேறு.

கட்டி முடித்த வீட்டிலும் இதே ஆபத்து உண்டு, மழையே இல்லாமல். குளிரான ஊரில், உள்ளே நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் சுவரின் இடுக்குகளில் புகுந்து, குளிர்ந்த வெளிப்பலகையைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல்தான், ஆனால் சுவருக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல். அதனால் உள்பக்கம் ஆவி நுழையாத ஒரு தாளும், வெளிப்பக்கம் நீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியேற்றும் ஒரு துணியும் போடுகிறார்கள். வெயிலும் புழுக்கமும் மிகுந்த ஊரில், உள்ளே ஏசி ஓடினால் எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். குளிர்நாட்டுக் கிட்டை அப்படியே கொண்டுவந்து அங்கே நிறுத்தினால், அந்த நல்ல தாளே சுவரை நனைத்துவிடும்.

இவ்வளவு துல்லியமாக வெட்டி, அளந்து, மூடிய பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. மரம் என்பது நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் ஏறக்குறைய மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. நீர் அந்த இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. போகும்போது அவை நெருங்குகின்றன. கோரைக் கட்டு நனைந்தால் பருக்குமே தவிர நீளாது, அந்த மாதிரி. பச்சை மரம் முற்றிலும் காய்ந்தால் நீளத்தில் 0.1 சதவீதம்தான் குறையும். நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் ஆரத் திசையில் சுமார் 4, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 8 சதவீதம். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும் பலகை வளைந்து கிண்ணம்போல் ஆவதும் இந்த வேறுபாட்டால்தான்.

ஆக, வீட்டில் எந்த மரம் நிற்கிறது, எது படுத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நிற்கும் சட்டம் உயரம் குறையாது. படுத்திருப்பவை குறையும். மாடித் தளத்தில், கீழ்ச் சுவரின் தலையில் மேல்சட்டம் இரண்டு, 240 மி.மீ. உயரமுள்ள தளமரம், அதன்மேல் அடுத்த சுவரின் அடிச்சட்டம் என்று சுமார் 375 மி.மீ. மரம் படுத்த நிலையில் இருக்கும். 18 சதவீத ஈரத்தில் வந்து, வீட்டுக்குள் 12-க்குக் காய்ந்தால், ஒரு மாடிக்கு 5, 6 மி.மீ. இறங்கும். பக்கத்தில் செங்கல் புகைபோக்கி இருந்தால் அது இறங்காது. இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் எங்கேயாவது விரிசல் விழும்.

உருட்டுமர வீட்டிலோ சுவர் முழுவதுமே படுத்த மரம். மீட்டருக்கு 10-லிருந்து 30 மி.மீ. வரை அமுங்கும், 2.5 மீட்டர் சுவர் 7 செ.மீ.கூட இறங்கலாம். ஜன்னல் சட்டமோ நிற்கும் மரம், இறங்காது. நேரடியாக ஆணியடித்தால் மொத்தச் சுவரும் கண்ணாடியின் தலையில் உட்கார்ந்துவிடும். அதனால் ஜன்னலின் இருபுறமும் உருட்டுமர முனைகளில் செங்குத்தாக ஒரு பள்ளம் எடுத்து, அதில் வழுக்கும்படி ஒரு சட்டத்தை நிறுத்தி, ஜன்னலை அதில் மட்டும் பொருத்துகிறார்கள். தலைக்கு மேல் ஓர் இடைவெளி விட்டுப் பஞ்சு அடைத்து, முன்னால் ஒரு மூடுபலகை. அந்தப் பலகை ஒரு பக்கம் மட்டுமே பிடிபட்டிருக்கும், மறுபக்கம் வழுக்கும். வராந்தாத் தூண்களின் அடியிலோ தலையிலோ ஒரு கனத்த திருகு இருக்கும். சுவர் இறங்க இறங்க, சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்பேனரால் அதைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையின் ஓரம் தூணில் தூக்கலாக நின்றுவிடும். மூன்று நாலு வருடம் கழித்து மூடுபலகையைக் கழற்றினால், கை நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளி விரல் அகலத்துக்கு வந்திருக்கும், பஞ்சு கெட்டியாக நசுங்கியிருக்கும்.