டிஸ்பிளே என்றால் திரையா? யூனிக்ஸ் சொல் ஒன்றின் விளக்கம்

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் கணினிக்குள் நுழைந்து, அங்கிருக்கும் வரைகலைச் செயலி ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு 'டிஸ்பிளேவைத் திறக்க முடியவில்லை' என்ற பிழைச்செய்தி பழக்கமானதுதான். பலர் உடனே மானிட்டர் கேபிளையோ கிராபிக்ஸ் டிரைவரையோ சந்தேகப்படுகிறார்கள். டிஸ்பிளே என்றால் திரை என்று நினைத்துவிடுவதால் வரும் குழப்பம் இது.

சொல்லின் வேர் லத்தீன். 'பிளிகாரே' என்றால் மடித்தல். 'டிஸ்' என்ற முன்னொட்டு சேர்ந்தால் மடிப்பைப் பிரித்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கொடியை விரித்துக் காட்டுவதற்கும், பிறகு எதையும் பார்வைக்கு வைப்பதற்கும் ஆகிவந்தது. கருவியைக் குறிக்கும் பொருள் பின்னாளில் ஒட்டிக்கொண்டதுதான்.

யூனிக்ஸ் உலகில் இதற்குத் தனிப்பொருள் தந்தது, செயலிகளின் சாளரங்களைத் திரையில் காட்டி, விசைப்பலகை, சுட்டி உள்ளீட்டை அவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் எக்ஸ் சாளர முறைமை. 1984இல் எம்ஐடியின் அதீனா திட்டத்தை ஒட்டி பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் இதை உருவாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் பிறந்த டபிள்யூ என்ற சாளர முறைமைதான் இதற்கு முன்னோடி. அதனால் அடுத்த எழுத்தே பெயரானது. 1987இல் வந்த பதினோராம் பதிப்பின் நெறிமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் வழக்கில் டிஸ்பிளே என்பது ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் மொத்த இடம்: ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டி, ஒன்றோ பலவோ திரைகள், இவற்றையெல்லாம் ஆளும் ஒரு சர்வர்.

டிஸ்பிளே என்ற பெயரிலேயே உள்ள சூழல் மாறியை (செயலிகள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்பு) அச்சிட்டால் இது தெளிவாகும். ':0.0' என்று வந்தால், முக்காற்புள்ளிக்கு முன்னால் வரவேண்டிய கணினிப் பெயர் இல்லை, அதாவது இதே கணினி. முதல் சுழியம் டிஸ்பிளேயின் எண், அடுத்தது திரையின் எண். இரண்டு மானிட்டர் இணைத்தாலும் இன்று எக்ஸின் ராண்ட்ஆர் நீட்டிப்பு அவற்றை ஒரே திரையாக இணைத்துவிடும். ஆக மானிட்டர் இரண்டு, திரை ஒன்று, டிஸ்பிளே ஒன்று.

சர்வர் என்றதும் எங்கோ தொலைவில் இருப்பது என்று தோன்றும். இங்கே நேர்மாறு. திரையும் விசைப்பலகையும் உங்கள் முன்னால் இருப்பதால் சர்வர் உங்கள் கணினியில் ஓடுகிறது. தொலைவில் ஓடும் செயலிதான் அதன் வாடிக்கையாளர். இதைப் பிடித்துக்கொண்டால் பிழைச்செய்தியும் புரியும்: செயலிக்குத் தன்னைக் காட்டித் தரும் சர்வர் எங்கே என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அனுமதி கிடைக்கவில்லை.

மாறி காலியாக இருந்தால் முதல் வகை. எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் தெரிவைச் சேர்த்து மறுபடி நுழையுங்கள். மறுமுனையில் எக்ஸ் அனுப்புதல் (செயலியின் காட்சியை எஸ்எஸ்எச் வழியே உங்கள் கணினிக்குக் கொண்டுவருவது) அனுமதிக்கப்பட்டு, அனுமதிக் குறிகளைக் கையாளும் எக்ஸ்ஆத் நிரலும் நிறுவப்பட்டிருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' போன்ற மதிப்பு தானாக அமையும். அங்கே ':0' என்று கையால் எழுதிவிடாதீர்கள். நல்ல மதிப்பை அழித்ததாகிவிடும். மாறி சரியாக இருந்தும் திறக்கவில்லை, அதிலும் வேறு பயனராக மாறிய பிறகு என்றால், பெரும்பாலும் எக்ஸ்அதாரிட்டி கோப்பில் உள்ள ரகசியக் குறி அந்தப் பயனருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையோடு கூட்டல் குறி போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள்; அது அனுமதிச் சோதனையையே நீக்கிவிடும், வேண்டாம். சர்வரே எழாமல் கருந்திரை நின்றால் கதை வேறு. அப்போது எக்ஸ் சர்வரான எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பில் இரட்டை 'ஈ' அடையாளமிட்ட வரிகளைத் தேடுங்கள். டிரைவர் மீதான சந்தேகத்துக்கு அங்கேதான் இடம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? திரை என்பதை ஸ்கிரீனுக்கே விட்டுவிட வேண்டும். டிஸ்பிளேவுக்குக் காட்சி, டிஸ்பிளே சர்வருக்குக் காட்சி வழங்கி என்பது என் தேர்வு. சர்வருக்குப் பலர் சொல்லும் சேவையகம் என்பதிலுள்ள 'அகம்' ஏதோ ஒரு கட்டடத்தை நினைவூட்டுகிறது. வழங்கி செயலை மட்டும் சொல்கிறது, எந்தக் கணினியில் ஓடினாலும் பொருந்துகிறது. பிழைச்செய்தியையும் 'காட்சி வழங்கியை அணுக முடியவில்லை' என்று மொழிபெயர்த்தால் யாரும் கேபிளைத் தொடமாட்டார்கள். எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்டிலும் இந்தச் சொல் நிற்கும்: அங்கே சாளரங்களை ஒன்றுசேர்த்து வரையும் கம்போசிட்டரே காட்சி வழங்கி.